சிக்னல் எத்தனை வகைப்படும்? போத்தனூர் தண்டவாளம் வைக்கும் பரீட்சை

‘சிக்னல் இல்லை’ என்று தமிழ்நாட்டில் யார் சொன்னாலும் கை தானாக செல்போனைத் தேடும். போத்தனூரில் மட்டும் ‘எந்த சிக்னலைச் சொல்றீங்க?’ என்று திருப்பிக் கேட்க வாய்ப்பு உண்டு. 1862-லேயே ரயில் வந்துவிட்ட ஊர் இது. கோவை ஜங்ஷனுக்கே சுமார் பத்து வருஷம் கழித்துத்தான் ரயில் போனது. இன்றைக்கும் கோவை, இருகூர், பொள்ளாச்சி, பாலக்காடு என்று நாலு பக்கமும் பாதை பிரியும் சந்திப்பு. தெற்கு ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனையும் இங்கேதான் இருக்கிறது. ரயில் சிக்னலுக்கான ரிலேக்கள் செய்யும் இடம்.

இந்த ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அரை மணி நேரத்தில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி வந்துவிடும். அங்கே இசிஇ படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாவது செமஸ்டரில் ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ என்று ஒரு பேப்பர். முதல் யூனிட்டே சிக்னல்களை வகைப்படுத்துவதுதான். தொடர்நேரமா, தனித்தநேரமா? பீரியாடிக்கா, இல்லையா? டிடர்மினிஸ்டிக்கா, ரேண்டமா? எனர்ஜி சிக்னலா, பவர் சிக்னலா? ஜோடி ஜோடியாக ஒரு அட்டவணை. இடது பக்கம் ஒரு வரையறை, வலது பக்கம் ஒரு வரையறை, கீழே ஆளுக்கொரு சைன் அலை. இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோகவும் அது போதும்.

பிரச்சினை அட்டவணையில் இல்லை, அதைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. மா, பலா, வாழை என்று பழத்தைப் பிரிப்பதுபோல, ஒவ்வொரு சிக்னலும் பிறக்கும்போதே ஒரு வகையோடு பிறக்கிறது என்கிற எண்ணத்தை அது மாணவர் மனதில் விதைத்துவிடுகிறது. நிஜத்தில் வகை பிரிப்பது ஒரு முடிவு. எதைக் கவனிக்கப்போகிறோம், எதைத் தூக்கிப் போடப்போகிறோம் என்று யாரோ எடுக்கும் முடிவு. அந்த முடிவு தப்பினால் என்ன ஆகும் என்பதை போத்தனூரிலிருந்து வாளையார் வரை போகும் தண்டவாளத்தைப் போல வேறு எந்தப் புத்தகமும் சொல்லாது.

மின்சாரம் வராவிட்டாலும் அது சேதிதான்

தண்டவாளத்தில் ரயில் நிற்கிறதா, இல்லையா என்பது ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு எப்படித் தெரிகிறது? ரொம்பப் பழைய வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் 1872-ல் காப்புரிமை பெற்ற ‘டிராக் சர்க்யூட்’. தண்டவாளத்தின் ஒரு துண்டை இரு முனையிலும் மின்காப்பு வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு முனையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சின்னதாக ஒரு மின்னழுத்தம். மறுமுனையில் ஒரு ரிலே. பாதை காலியாக இருந்தால் மின்சாரம் தண்டவாளம் வழியாகவே போய் ரிலேயைத் தூக்கிப் பிடிக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் போய்விட, ரிலேக்கு ஒன்றும் கிடைக்காது. ரிலே விழும். சிக்னல் சிவப்பாகும்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த நிலைக்கு எந்த அர்த்தம் கொடுத்தார்கள் என்பது. மின்சாரம் வந்தால் ‘பாதை காலி’, வராவிட்டால் ‘வண்டி இருக்கிறது’. ஏன் இப்படித் தலைகீழாக? வயர் அறுந்துபோகலாம், பேட்டரி தீர்ந்துபோகலாம், தண்டவாளமே உடைந்துபோகலாம். எது நடந்தாலும் ரிலே விழும், சிவப்பு விழும். ரயில் தாமதமாகும், பயணிகள் திட்டுவார்கள், ஆனால் யாரும் சாகமாட்டார்கள். தலைகீழாக வைத்திருந்தால் ஒரு வயர் அறுந்ததும் ‘பாதை காலி’ என்று பச்சை விழுந்திருக்கும்.

பாடப்புத்தக மொழியில் இது ஒரு டிஜிட்டல் சிக்னல். இரண்டே மதிப்பு. ஆனால் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் டிஜிட்டல் அல்ல. கோடையில் ஒரு அளவு, ஐப்பசி மழையில் ஜல்லியெல்லாம் நனைந்து கசியும்போது வேறொரு அளவு. ரிலே எந்த அளவுக்கு மேல் எழ வேண்டும், எந்த அளவுக்குக் கீழே விழ வேண்டும் என்று ஓர் இன்ஜினியர் கோடு கிழித்து வைத்ததால்தான் அது இரண்டு மதிப்பாகிறது. கனமழையில் கசிவு அதிகமானால் ரயிலே இல்லாமல் ரிலே விழும். ‘சிக்னல் கோளாறு, ரயில்கள் தாமதம்’ என்று செய்தி வரும். அது எரிச்சலூட்டும் தப்பு. அதிகம் ஓடாத பாதையில் தண்டவாளத்தின் மேல் துரு படிந்து, சக்கரம் சரியாக மின்தொடர்பு கொடுக்காமல் போனால் ரயில் நிற்கும்போதே ‘காலி’ என்று காட்டக்கூடும். அது உயிரை எடுக்கும் தப்பு. இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு பக்கங்கள்.

டிஜிட்டல் என்றால் துல்லியம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹானகா பஜார் நிலையத்தில் நடந்தது நினைவிருக்கும். சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகச் சொல்லிப் பச்சை விழுந்தது. ஆனால் பாதை லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சிக்னல் சர்க்யூட்டில் செய்யப்பட்ட மாற்றங்களில் இருந்த தவறுகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டியது. அந்தப் பச்சை விளக்கில் மங்கலோ இரைச்சலோ கிடையாது. சுத்தமான, சந்தேகத்துக்கு இடமில்லாத, தப்பான பச்சை.

சிறுவாணி நீர்மட்டமும் பின்னால் சுற்றும் சக்கரமும்

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ‘தனித்தநேரம்’ என்பதும் ‘டிஜிட்டல்’ என்பதும் ஒன்றுதானே என்பார்கள். இல்லை. முதலாவது நேரத்தைப் பற்றியது, இரண்டாவது மதிப்பைப் பற்றியது.

கோவைக்காரர்களுக்கு சிறுவாணியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். அணையின் நீர்மட்டம் இரவு பகலாக, ஒவ்வொரு கணமும் ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. அது தொடர்நேர அனலாக் சிக்னல். தினமும் காலையில் ஒரு தடவை மட்டும் அளந்தால் அது தனித்தநேர சிக்னல். அளந்த மதிப்பு எந்தப் பின்னமாகவும் இருக்கலாம் என்றால் இன்னும் அனலாக்தான். அதையே முழு அடிக்கு ஒதுக்கி எழுதினால்தான் டிஜிட்டல். நேரத்தை நறுக்குவது ஒரு வெட்டு, மதிப்பை நறுக்குவது இன்னொரு வெட்டு. இரண்டு வெட்டிலும் ஏதோ ஒன்று கீழே விழுகிறது. காலை அளவுக்கும் மறுநாள் காலை அளவுக்கும் நடுவே, ராத்திரி அடித்த மழையில் மட்டம் ஏறி இறங்கியிருந்தால் நோட்டில் அது இருக்காது.

நாம் போனில் பேசும்போதும் இதுதான் நடக்கிறது. பழைய டிஜிட்டல் தொலைபேசி முறையில் குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 256 படிகளில் ஒன்றாக மாற்றி அனுப்பினார்கள். ஏன் 8,000? தொலைபேசிக் குரலுக்கு சுமார் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று முடிவு செய்தார்கள். அதன் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அலையைத் திரும்பக் கட்ட முடியும். பாட்டு கேட்க அது போதாது, அதனால் சிடியில் நொடிக்கு 44,100. குரல் அதே குரல்தான். என்ன வேண்டும் என்று கேட்டவர் மாறினார், வெட்டு மாறியது.

வெட்டு போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை ரயில் நிலையத்திலேயே பார்க்கலாம். நகரும் ரயிலின் சக்கரத்தை, அதிலும் ஆரம் போல கோடு இருக்கும் எந்தச் சுழலும் பொருளையும், செல்போனில் வீடியோ எடுத்தால் சில வேகங்களில் அது பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியும். ரீல்ஸில் இதற்கு லட்சக்கணக்கில் லைக் விழும். கேமரா நொடிக்கு 30 படம்தான் எடுக்கிறது. நடுவில் நடந்தது அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தைக் கண் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்கிறது.

தடக்... தடக்...

பீரியாடிக் சிக்னலுக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் சைன் அலை வரைவார்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதுவும் சரியான உதாரணம்தான். ரயிலில் வளர்ந்த ஊருக்கு வேறொரு உதாரணம் இருக்கிறது.

இந்தியாவில் தண்டவாளத் துண்டு ஒன்றின் வழக்கமான நீளம் 13 மீட்டர். துண்டும் துண்டும் சேரும் இடைவெளியில் சக்கரம் விழுந்து எழும் சத்தம்தான் அந்தக் காலத்து ‘தடக் தடக்’. நொடிக்கு ஒரு தடவை ஒரே சக்கரம் இணைப்பைக் கடந்தால் ரயில் நொடிக்கு 13 மீட்டர் போகிறது, அதாவது மணிக்கு சுமார் 47 கிலோமீட்டர். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்தே வேகம் கணக்கிட்ட தலைமுறை ஒன்று உண்டு. இப்போது தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்துவிடுவதால் அந்தத் தாளம் பெரும்பாலும் போய்விட்டது. பயணம் சொகுசானது, ஓர் அருமையான உதாரணம் காணாமல் போனது.

அந்தத் தாளம் பீரியாடிக்கா? ரயில் சீரான வேகத்தில் போகும்வரை ஆமாம். நிலையத்தை விட்டுக் கிளம்பி வேகம் பிடிக்கும்போது இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும், அப்போது இல்லை. கறாராகப் பார்த்தால் உலகில் எந்த சிக்னலும் பீரியாடிக் கிடையாது. பாடப்புத்தகத்தின் சைன் அலை தொடக்கமும் முடிவும் இல்லாமல் என்றென்றும் ஓடும். நிஜ அலை என்றோ தொடங்கியது, என்றோ நிற்கும். மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ்கூட 49.9-க்கும் 50.1-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருப்பதுதான். ‘இதைப் பீரியாடிக் என்று வைத்துக்கொள்வோம்’ என்பதில் அந்த ‘வைத்துக்கொள்வோம்’தான் பாடம். வகுப்பறையில் விடுபட்டுப்போவதும் அதுவே.

வைத்துக்கொள்வதால் லாபம் உண்டு. மின்மயமான பாதையில் என்ஜினுக்கு வரும் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தண்டவாளம் வழியாகவும்தான் திரும்பிப் போகிறது. மேலே சொன்ன டிராக் சர்க்யூட்டும் அதே தண்டவாளத்தில்தான் இருக்கிறது. ஒரே இரும்பில் இரண்டு சிக்னல். குழம்பாதா? குழம்பாமல் இருக்கத்தான் வகைப்பாடு. ரயிலின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் திரும்பத் திரும்ப வரும் என்று தெரியும். அதனால் டிராக் சர்க்யூட்டுக்கு நேர்மின்சாரத்தையோ, ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலையையோ பயன்படுத்துகிறார்கள். ரிலேயும் 50 ஹெர்ட்ஸுக்கு அசையாததாக இருக்க வேண்டும். பீரியாடிக் என்று தெரிந்த எதிரியை ஒதுக்கிவைப்பது சுலபம்.

(கடைசிப் பெட்டியில் ஏன் எக்ஸ் குறி என்று வருஷத்துக்கு நாலு தடவை வைரலாகும் கேள்விக்கும் இங்கே தொடர்பு உண்டு. ராத்திரியில் அந்தக் குறி தெரியாது. சிமிட்டும் சிவப்பு விளக்குதான் ‘முழு வண்டியும் வந்துவிட்டது, நடுவில் அறுந்துபோகவில்லை’ என்று சொல்லும். சும்மா எரியும் விளக்கைவிட, சீராக விட்டு விட்டு எரியும் விளக்கை இருட்டில் வேறொன்றோடு குழப்பிக்கொள்வது கடினம்.)

எனர்ஜி, பவர் ஜோடியையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஒரு கைத்தட்டல், ஒரு மின்னல், ஒரு காலடி: வந்தது, போனது, மொத்த ஆற்றலைக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். அது எனர்ஜி சிக்னல். டிரான்ஸ்ஃபார்மரின் ‘ம்ம்ம்’ என்கிற ரீங்காரம், நம்மூரில் 100 ஹெர்ட்ஸ், நிற்காமல் ஓடுவதாக வைத்துக்கொண்டால் மொத்த ஆற்றல் முடிவிலிக்குப் போய்விடும். அதனால் சராசரித் திறனை எடுப்பார்கள். அது பவர் சிக்னல். ஏறிக்கொண்டே போகும் ரேம்ப் சிக்னல் இரண்டிலும் சேராது என்பது பரீட்சைக்குப் பிரியமான கேள்வி. ஈவன், ஆட் ஜோடி கணக்கைப் பாதியாகக் குறைக்க உதவும் கண்ணாடி விளையாட்டு. அதற்கு இந்த இடம் போதும்.

காட்டுக்குள் ஒரு காலடி

போத்தனூரைத் தாண்டி மதுக்கரை, எட்டிமடை, வாளையார். இங்கே தண்டவாளம் ‘ஏ’ லைன், ‘பி’ லைன் என்று இரண்டாகப் பிரிந்து காட்டுக்குள் போகிறது. காலங்காலமாக யானைகள் நடக்கும் வழி. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே மங்களூரு - சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் செத்துப்போயின. கோவையில் அந்தப் படங்களைப் பார்க்காத செல்போன் இருந்திருக்காது. இந்தப் பாதையில் அது முதல் சாவும் இல்லை.

அதன்பின் யானைகள் கடக்கக் கீழ்ப்பாதைகள் கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் ஏஐ கண்காணிப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்கள், 24 கேமராக்கள். வெப்பத்தைப் பார்க்கும் கேமராவும் இருப்பதால் இருட்டிலும் வேலை செய்யும். யானை தண்டவாளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை போகும். தூரம் என்பது தொடர்ச்சியான அளவு. அதை மூன்றே நிறமாக வெட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் பதற்றத்தில் இருக்கும் மனிதருக்கு மூன்றுதான் பயன்படும்.

இன்னொரு முறையும் இருக்கிறது. வடகிழக்கு எல்லை ரயில்வே முதலில் பயன்படுத்திய அந்த முறை பாலக்காடு கோட்டத்தின் இந்தப் பாதைக்கும் வந்திருக்கிறது. தண்டவாளத்தின் ஓரமாகப் புதைந்திருக்கும் கண்ணாடி இழைக் கேபிளே அதன் காது. இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்புவார்கள். போகிற வழியெல்லாம் துளித்துளியாக ஒளி திரும்பி வரும். மேலே மண் அதிர்ந்தால் அந்த இடத்திலிருந்து திரும்பும் ஒளி மாறும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்று பார்த்தால் எந்த இடம் அதிர்ந்தது என்று தெரிந்துவிடும்.

கஷ்டம் இதற்குப் பிறகுதான். அதிர்ந்தது யானையா, மாட்டு மந்தையா, மழையா, பக்கத்து ரோட்டில் போகும் லாரியா, இன்னும் இரண்டு கிலோமீட்டரில் வந்துகொண்டிருக்கும் ரயிலா?

பாடப்புத்தக அட்டவணை இப்போது உயிரோடு எழுந்து நிற்கிறது. ரயில் அதிர்வு பலமானது, நீண்டு நிற்பது, இடமும் நேரமும் ஓரளவு முன்கூட்டியே தெரியும். யானையின் நடை மெதுவான, கனமான தனித்தனி அடிகள். ஒவ்வோர் அடியும் ஓர் எனர்ஜி சிக்னல். அடுக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட பீரியாடிக், ஆனால் முழுசாக இல்லை. யானை நிற்கும், திரும்பும், குட்டிக்காகக் காத்திருக்கும். மழையோ முழுக்க ரேண்டம். கூட்டமாக வந்தால் நாலைந்து யானைகளின் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, தாளமே இல்லாததுபோல் ஆகிவிடும். அப்போது அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

ரேண்டம் என்றால் கட்டுப்பாடில்லாதது என்று அர்த்தமில்லை. அடுத்த மதிப்பு நமக்கு முன்கூட்டித் தெரியாது, அவ்வளவுதான். சராசரி தெரியும், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் அதிகம் என்பது தெரியும். கிளாட் ஷானன் 1948-ல் எழுதிய கட்டுரை இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது: முன்கூட்டியே முழுக்கத் தெரிந்த சிக்னலில் சேதியே இல்லை. எப்போதும் பச்சையாகவே எரியும் விளக்கைப் பார்த்து லோகோ பைலட் தெரிந்துகொள்ள ஒன்றும் கிடையாது. சிவப்பாகவும் இருக்கலாம் என்பதால்தான் பச்சைக்கு மதிப்பு.

கேட்பவரைப் பொறுத்தது என்பதற்கு யானையே சாட்சி. 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் யானைக் கூண்டருகே நின்ற கேட்டி பெயின் என்ற ஆய்வாளர், காதில் ஒன்றும் விழாமலே காற்று துடிப்பதை உணர்ந்தார். பதிவு செய்து பார்த்தபோது, மனிதக் காதின் 20 ஹெர்ட்ஸ் எல்லைக்கும் கீழே யானைகள் பேசிக்கொள்வது தெரிந்தது. அதுவரை மனிதர்கள் ‘அமைதி’ என்று வகைப்படுத்தி வைத்திருந்தது இன்னொரு உயிருக்குப் பேச்சு.

மதுக்கரைக்கு வருவோம். இந்த அமைப்பு இரண்டு விதமாகத் தப்பு செய்யலாம். யானை இல்லாதபோது இருக்கிறது என்று சொல்லலாம். இருக்கும்போது இல்லை என்று சொல்லலாம். கோட்டைக் கீழே இறக்கினால் ஒன்றும் தப்பாது, ஆனால் ஒவ்வொரு மாட்டுக்கும் மணி அடிக்கும். பத்து தடவை ‘புலி வருது’ கேட்ட பிறகு பதினோராவது தடவை எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் பதறமாட்டார். கோட்டை மேலே ஏற்றினால் அமைதியாக இருக்கும், ஒரு நாள் ராத்திரி வரை. மணிக்கு 45 கிலோமீட்டரில் மெதுவாக வரும் ரயில்கூட ஒரு நொடியில் 12.5 மீட்டர் நகர்ந்துவிடும். வேகமான ரயிலுக்கு பிரேக் போட்டு நிற்க ஒரு கிலோமீட்டர் வரை வேண்டும். உறுதி செய்துகொள்ள இன்னும் பத்து நொடி எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்பவர் 125 மீட்டரைச் செலவு செய்கிறார். கோட்டை எங்கே கிழிப்பது என்று கணிதம் தானாகச் சொல்லாது. எந்தத் தப்பு அதிகம் வலிக்கும் என்று மனிதர்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு மார்க்குக்கு வெளியே

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் கேட்கக்கூடியது நியாயமான கேள்விதான். ஐந்து யூனிட்டை ஒரு செமஸ்டரில் முடிக்க வேண்டும். ஃபூரியர், லாப்ளாஸ், இசட் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. முதல் யூனிட்டில் யானைக்கதை சொல்லிக்கொண்டிருந்தால் பாடம் நடக்குமா? வரையறையே தெரியாத பிள்ளையிடம் ‘முடிவு எடு’ என்று சொல்ல முடியுமா?

முடியாதுதான். வரையறை வேண்டும், கணக்கும் வேண்டும். ஆனால் அந்த வரையறைக்கு மேல் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க யூனிட் எதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. ‘எனர்ஜி சிக்னல் என்றால் என்ன?’ என்பதற்குப் பதிலாக, ‘இந்தப் பதிவை எனர்ஜி சிக்னல் என்று எடுத்துக்கொண்டால் எதை விட்டுவிடுகிறாய்?’ அதே இரண்டு மார்க், அதே மூன்று வரி. முதல் கேள்விக்கு கைடு புத்தகத்தில் பதில் இருக்கும், ஏஐ சாட்பாட்டும் நொடியில் சொல்லும். இரண்டாவதுக்குப் பதிவைப் பார்க்க வேண்டும்.

கோவையில் இப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பம்ப்செட் பட்டறைகளில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய ஃபிட்டர்கள். ‘ஏனுங்ணா, நல்லாத்தான ஓடுது?’ என்று கேட்டால், ‘இல்லீங் தம்பி, பேரிங்கு போயிட்டிருக்குது, கேட்டுப் பாருங்’ என்பார்கள். மோட்டாரின் சீரான ஓசைக்கு அடியில், சுற்றுக்கு இத்தனை தடவை என்று வரும் சின்ன ‘டிக்’கைப் பிரித்தெடுக்கும் காது அது. பீரியாடிக் ஓசை, ரேண்டம் இரைச்சல், நடுவே இன்னொரு பீரியாடிக். அந்த ஃபிட்டர் பெயர்தான் சொல்லமாட்டார். நம் மாணவர் பெயரை மட்டும் சொல்வார்.

இரண்டையும் சேர்க்கப் பெரிய லேப் எதுவும் தேவையில்லை. எல்லோர் பையிலும் அதிர்வை அளக்கும் சென்சார் இருக்கிறது. ஜெர்மனியின் ஆர்டபிள்யூடிஹெச் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவச ஆப் அதைத் திரையில் வரைபடமாகக் காட்டும். போத்தனூர் நடைமேடையில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகாமல், ஒரு பெஞ்ச் மேல் போனை வைத்து இருபது நொடி பதிவு செய்தால் போதும். பாலக்காடு வண்டி ஒன்று நிற்காமல் போகும்போது ஒரு பதிவு. எதுவும் போகாதபோது ஒரு பதிவு. பெஞ்சில் ஒருவர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு பதிவு.

மூன்றையும் எந்தப் பெயரும் போடாமல் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் கொடுக்கலாம். எது எது என்று அவர் சொல்லட்டும். போனின் சென்சார் நொடிக்கு 100 தடவை அளக்கிறது என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸுக்கு மேல் நடந்ததை அந்த வரைபடம் நேர்மையாகக் காட்டாது. பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெஞ்ச் வரை வந்திருந்தாலும், ஒவ்வொரு அளவும் அலையின் அதே இடத்தில் விழுந்து, வெறும் நேர்கோடாகத்தான் தெரியும். ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று எழுதினால் மார்க் போடலாமா, கூடாதா என்பதில் வகுப்பு சண்டை போடட்டும். ரயில் வந்ததற்கும் காலாட்டியதற்கும் வித்தியாசம் தெரியாமல் போனாலும் இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அதனால்தான் அதைப் பெஞ்சிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.